புது கார்வெட் ஆர்டர்: எந்த சீட், எந்த சஸ்பென்ஷன்?

டல்லாஸ் சரவணன் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, வணக்கம். செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் கார், கார்வெட் ஸ்டிங்ரே 2024 மாடலுக்கு டீலரிடம் முன்பணம் கட்டியாகிவிட்டது. கூப்பே, வசதிகளில் 2எல்.டி. என்ற நடு அடுக்கு என்பது வரை முடிவு செய்துவிட்டேன். நிறம், சக்கரம் எல்லாம் வீட்டில் பேசி முடித்தாயிற்று. இரண்டு இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: சீட், சஸ்பென்ஷன். சீட்டில் மூன்று வகை: ஜி.டி.1, ஜி.டி.2, காம்பெடிஷன் ஸ்போர்ட்.

என் பயன்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் சில நாள் பிளேனோ பக்கம் அலுவலகம். போகும் வழி டோல்வே, அதாவது கட்டணச் சாலை, முழுக்க கான்கிரீட், பாலத்துக்குப் பாலம் இணைப்பு இடைவெளி. மாதம் ஒரு முறையாவது டெக்சஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரி பக்கம் போக ஆசை. 335, 336, 337 என்று மூன்று ராஞ்ச் ரோடுகள், வளைவும் ஏற்றமுமாக இருக்குமே, அங்கே. ரேஸ் டிராக்குக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை போகலாம், போகாமலும் இருக்கலாம். என் உயரம் 5 அடி 7 அங்குலம், நடுத்தர உடம்பு. மனைவிக்கு இடுப்பில் டிஸ்க் தொந்தரவு உண்டு. பாதிப் பயணங்களில் அவளும் பக்கத்தில் இருப்பாள்.

டீலரிடம் காட்சிக்கு இருப்பது ஜி.டி.1 சீட், சாதாரண சஸ்பென்ஷன் உள்ள ஒரே ஒரு வண்டி. விற்பனையாளர், டிராக் ஓட்டத்துக்கான இசட்51 பேக்கேஜைக் காட்டி, "இசட்51 போடாமல் எடுத்தால் நாளைக்கு விற்கும்போது வாங்க ஆளிருக்காது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

மிச்சிகன் மாறன்

சரவணன், வாழ்த்துகள். டேம்பர், அதாவது ஷாக் அப்சார்பர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் குறியீடுகள். எஃப்.இ.1 என்பது சாதாரண சஸ்பென்ஷன். எஃப்.இ.3 என்பது இசட்51 பேக்கேஜோடு வருவது, ஸ்பிரிங் இறுக்கம் கூட, டேம்பரும் அதற்கேற்ப. இந்த இரண்டிலும் டேம்பர் நிலையானது. ஸ்டியரிங் பக்கத்தில் டூர், ஸ்போர்ட், டிராக் என்று எந்த ஓட்டும் முறைக்குத் திருப்பினாலும் சஸ்பென்ஷன் மாறாது. எஃப்.இ.4 என்பது இசட்51ஓடு காந்த டேம்பர், அதாவது மேக்னெடிக் ரைடு. எஃப்.இ.2 என்பது இசட்51 இல்லாமல் காந்த டேம்பர் மட்டும். 2020இல் இந்தத் தலைமுறை வந்தபோது எஃப்.இ.2 கிடையாது, 2021 மாடலில்தான் சேர்த்தார்கள். அதனால் பழைய விமர்சனங்களைப் படிக்கும்போது கவனம். "இசட்51 எடுத்தால்தான் காந்த டேம்பர்" என்று அவற்றில் இருக்கும், அது 2020 கதை.

காந்த டேம்பருக்குள் இருப்பது எண்ணெயில் கலந்த நுண்ணிய இரும்புத் துகள். பிஸ்டனில் ஒரு மின்காந்தச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் வரிசை கட்டி நிற்கும், திரவம் கெட்டியாகும், டேம்பர் இறுகும். மின்சாரம் குறைந்தால் தளரும். நொடிக்கு ஆயிரம் முறை வரை இதைத் திருத்திக்கொண்டே இருக்கும். 2002இல் கேடிலாக் செவில் எஸ்.டி.எஸ்.இல் முதலில் வந்தது, அடுத்த ஆண்டே கார்வெட்டுக்கும் வந்துவிட்டது. இருபது வருடம் தேய்த்து மெருகேற்றிய தொழில்நுட்பம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மாறுவது டேம்பர் மட்டும்தான், ஸ்பிரிங் மாறாது. டூரில் போட்டாலும் இசட்51 ஸ்பிரிங் இசட்51 ஸ்பிரிங்தான். உங்கள் டோல்வே இணைப்புகளில் சக்கரம் சட்டென்று மேலே எகிறும். அந்த நேரத்தில் டேம்பர் தளர்ந்து கொடுக்க வேண்டும். காந்த டேம்பர் அதை அழகாகச் செய்யும். நிலையான டேம்பரில் வளைவுக்கு ஒரு அளவு, மேட்டுக்கு ஒரு அளவு என்று இரண்டுக்கும் நடுவில் எங்கோ சமரசம் செய்துதான் ஆக வேண்டும்.

என்னுடையது எஃப்.இ.4. இங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து உருகி ரோட்டைப் பிளந்து வைத்திருக்கும். அந்த ரோட்டிலும் டூரில் சகிக்கும்படி போகிறது.

---

அட்லாண்டா பாண்டி

நான் எதிர்க்கட்சி. எஃப்.இ.1, ஜி.டி.1 சீட், இசட்51 இல்லை, எதுவும் இல்லை. டென்னசி எல்லையில் யு.எஸ். 129, 11 மைலில் 318 வளைவு என்பார்களே, டெயில் ஆஃப் தி டிராகன், அங்கே அடிக்கடி போகிறவன். ஒரு நாளும் "ஐயோ, சஸ்பென்ஷன் பத்தவில்லை" என்று தோன்றியதில்லை. நடு என்ஜின் வண்டி, நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். அடிப்படையே அவ்வளவு நன்றாக இருக்கிறது.

ரோட்டில் வளைவு நடுவே மேடு பள்ளம் வரும்போது மெத்தென்ற வண்டிதான் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். இறுக்கமான வண்டி துள்ளும். இறுக்கம் என்றால் வேகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள், அது வழவழப்பான டிராக்குக்கு மட்டும்தான் பொருந்தும்.

விற்கும்போது விலை போகாது என்பதெல்லாம் டீலர் தன் பக்கக் கணக்கு. நீங்கள் வைத்து ஓட்டப் போகிற வருடங்களுக்கு வாங்குங்கள், அடுத்தவனுக்காக வாங்காதீர்கள்.

---

சர்க்யூட் குமரன்

ஆஸ்டினிலிருந்து. பாண்டி அண்ணன் சொல்வது ரோட்டுக்குச் சரி. ஆனால் சரவணன் "டிராக்குக்குப் போகலாம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

இசட்51 என்பதைச் சஸ்பென்ஷன் என்று மட்டும் பார்க்காதீர்கள். பெரிய பிரேக், கூடுதல் குளிரூட்டல், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் மின்னணு டிஃபரென்ஷியல், மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயர், முன்னால் ஸ்பிளிட்டர், பின்னால் ஸ்பாய்லர், பெர்ஃபார்மன்ஸ் எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்ந்த மூட்டை அது. 2020இல் 5,000 டாலர் வைத்திருந்தார்கள், இப்போது கூடிவிட்டது. கூடிய விலைக்கும் தனித்தனியாக இதை வெளியே செய்ய முடியாது.

எங்கள் ஊர் கோட்டா (சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ்) டிராக் 5.5 கி.மீ., 20 திருப்பம். பின் நேர்பாதை முடிவில் 12ஆம் திருப்பத்துக்கு முன்னால் வண்டி வரும் வேகத்துக்கு பிரேக் மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இசட்51 பிரேக்கின் அருமை தெரியும். அதிலும் டெக்சஸ் வெயிலில் என்ஜின் எண்ணெயும் கியர்பாக்ஸும் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சீட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை: காம்பெடிஷன் ஸ்போர்ட். சாதாரண சீட்டில் நீண்ட வலது திருப்பத்தில் உடம்பு கதவுப் பக்கம் சரியும், இடது முழங்காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓட்டுவீர்கள். கை அந்த வேலையைச் செய்தால் டயர் சொல்வது கைக்கு எட்டாது. காம்பெடிஷன் சீட்டில் தோளையும் விலாவையும் சீட்டின் பக்கத் திண்டு பிடித்துக்கொள்ளும், கை விடுதலையாகும்.

---

நியூஜெர்சி வாணி

நான் பிசியோதெரபிஸ்ட். கணவர் கார்வெட் வைத்திருக்கிறார், அதனால் இந்த இழையைப் படிக்கிறேன். சரவணன் தன் மனைவியின் டிஸ்க்கைப் பற்றி எழுதியும் யாரும் அதைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதுகெலும்பைப் பொறுத்தவரை எல்லா அதிர்வும் ஒன்றல்ல. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேல்கீழ் அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான துடிப்புகளுக்குத்தான் மிக அதிகமாக வருந்தும். அதைவிட மெதுவான ஆட்டத்தில் மொத்த உடம்பும் ஒன்றாக ஏறி இறங்கும். அதைவிட வேகமான அதிர்வைச் சீட்டின் நுரை ஓரளவு விழுங்கிவிடும். நடுவில் இருக்கும் இந்த அலைவரிசைதான் இடுப்பு எலும்பில் வந்து உட்காரும்.

அதனால் சீட் என்பது சஸ்பென்ஷனின் கடைசிப் பகுதி. டயர், ஸ்பிரிங், டேம்பர் எல்லாம் தாண்டி வந்த அதிர்வு கடைசியாகச் சந்திப்பது நுரையைத்தான். இரண்டையும் தனித்தனியே பட்டியலில் டிக் போட்டு எடுத்தால் இறுக்கமான ஸ்பிரிங் மேல் மெல்லிய நுரை என்று போய் முடியும்.

அப்புறம், மெத்தென்ற சீட்தான் முதுகுக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அடிப்பகுதி அமுங்கினால் இடுப்பெலும்பு பின்னால் சரியும், கீழ் முதுகின் இயல்பான வளைவு தட்டையாகும், டிஸ்க்கின் மேல் அழுத்தம் ஏறும். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களுக்கு வேண்டியது உறுதியான அடிப்பகுதி, கீழ் முதுகில் சரியான உயரத்தில் லம்பார் என்ற தாங்கி, தொடைக்கு முழங்கால் வரை தாங்கல்.

ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எந்த சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். முக்கால் மணி நேரமாவது உட்காரச் சொல்லுங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருக்கக் கூடாது. ஓட்டும்போது போடும் செருப்பையே போட்டுக்கொள்ளட்டும். உட்கார்ந்த பிறகு மூன்று இடம் கவனிக்க வேண்டும்: தொடையின் வெளிப்பக்கத்தில் திண்டு அழுத்துகிறதா, தோள்பட்டையை முன்னால் தள்ளுகிறதா, வால் எலும்பில் எரிச்சல் வருகிறதா. இறங்கி நடக்கும்போது கால் மரத்திருந்தால் அந்த சீட் வேண்டாம்.

---

மிச்சிகன் மாறன்

வாணி அக்கா சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன், இது எங்கள் வேலையில் தினமும் பார்ப்பது. கான்கிரீட் ரோட்டில் 15 அடிக்கு ஒரு இணைப்பு என்று வையுங்கள். மணிக்கு 70 மைல் வேகத்தில் நொடிக்கு 103 அடி கடக்கிறோம், அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 7 தட்டு. அக்கா சொன்ன 4 முதல் 8க்கு நடுவில் கச்சிதமாக வந்து விழுகிறது. கான்கிரீட் ஹைவேயில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் சோர்வு வருவதற்கு இது ஒரு காரணம். ஸ்போர்ட்ஸ் காரின் உடல் தன் ஸ்பிரிங்கில் ஆடுவது நொடிக்கு ஒன்றரை, இரண்டு முறை. சக்கரம் தனியாகத் துள்ளுவது 10க்கு மேல். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் டேம்பரின் இறுக்கம் கூடினால் அதிர்வு அப்படியே உள்ளே வந்துவிடும். அங்கேதான் மாறும் டேம்பருக்குக் கொடுக்கும் பணம் வேலை செய்கிறது.

---

ஷ்டுட்கார்ட் செல்வி

கார்வெட் இல்லை, போர்ஷே 718 கேமன் ஜி.டி.எஸ். 4.0 வைத்திருக்கிறேன். ஆனால் ஆர்டர் செய்யும்போது இதே தலைவலிதான், அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் பட்டியலில் சாதாரண ஸ்போர்ட் சீட், 18 விதமாகத் திருத்தும் மின்சார சீட், கார்பன் இழையில் செய்த முழு பக்கெட் சீட் எல்லாம் இருந்தன. பார்க்க அழகு பக்கெட்தான், எடையும் குறைவு. உட்கார்ந்து பார்த்தேன். முதுகு சாய்வைத் திருத்தவே முடியாது. முன்னும் பின்னும் நகர்த்தலாம், உயரம் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சாய்வு உங்கள் முதுகுக்குப் பொருந்தினால் அதைவிட நல்ல சீட் உலகத்தில் இல்லை. பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது. கணவருக்கு அரை மணி நேரத்தில் தோள் வலித்தது. அவர் கொஞ்சம் அகலமானவர்.

இன்னொன்று. அந்த பக்கெட் சீட்டில் குழந்தை இருக்கை மாட்ட முடியாது. இரண்டே சீட் உள்ள வண்டி, பக்கத்து சீட்டில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அதோடு முடிந்தது பேச்சு. 18 வித சீட் எடுத்தேன். அடிப்பகுதித் திண்டும் முதுகுத் திண்டும் தனித்தனியாக அகலமாகும், குறுகும். தொடைப் பகுதி நீளும். மலைப்பாதையில் இறுக்கிக்கொள்வேன், ஆட்டோபானில் தளர்த்திவிடுவேன். கணவர் ஏறினால் ஒரு பொத்தானில் அவருடைய அளவுக்குப் போய்விடும்.

சஸ்பென்ஷனில் எனக்கு யோசனையே இருக்கவில்லை. ஜி.டி.எஸ்.இல் 20 மி.மீ. தாழ்ந்த மாறும் டேம்பர் கூடவே வந்துவிடுகிறது. எங்கள் ஊர் ரோட்டுக்குச் சரியாக இருக்கிறது. டல்லாஸ் கான்கிரீட்டுக்கு எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

சரவணன், உங்கள் சீட்டுகளில் எதில் திண்டு திருத்தும் வசதி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் வீட்டில் எனக்கு அதுதான் முதல் தேவை.

---

டல்லாஸ் சரவணன்

எல்லாருக்கும் நன்றி. செல்வி, 2எல்.டி. எடுத்தால் லம்பாரும் பக்கத் திண்டும் மின்சாரத்தில் திருத்தலாம், இரண்டு பக்கமும். சூடேற்றுவது, காற்றோட்டம் இரண்டும் உண்டு. ஆகஸ்டில் டல்லாஸ் பார்க்கிங்கில் கறுப்புத் தோல் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர்களுக்குக் காற்றோட்டம் ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, ஓட்டுநருக்குக் காம்பெடிஷன், பக்கத்தில் ஜி.டி.1 என்று கலந்து எடுக்க முடியுமா? இரண்டு, காந்த டேம்பர் பத்து வருடம் கழித்துப் பழுதானால் செலவு எப்படி?

---

மிச்சிகன் மாறன்

கலந்து எடுக்க முடியாது. எந்த வகை எடுத்தாலும் இரண்டு பக்கமும் அதேதான்.

செலவு உண்டு. சாதாரண டேம்பரைவிடக் காந்த டேம்பர் பல மடங்கு விலை. கசிவு வந்தால் மாற்றுவது தவிர வழியில்லை. நெடுநாள் வைத்திருக்கப் போகிறவர் என்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020இல் ஆர்டரில் காந்த டேம்பர் சேர்க்க 1,895 டாலர் வாங்கினார்கள். ஆர்டரில் எடுக்காமல் விட்டுவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது நடைமுறையில் ஆகாது. சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒயரிங், மென்பொருள் என்று அது போய்க்கொண்டே இருக்கும். சீட்டும் அப்படித்தான். சக்கரம், எக்ஸாஸ்ட், ஸ்பாய்லர் எல்லாம் அடுத்த வருடம்கூட மாற்றலாம். சீட்டையும் டேம்பரையும் ஆர்டர் படிவத்தில்தான் தீர்மானிக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தை முதலில் அந்த இரண்டிலும் போடுங்கள்.

---

சர்க்யூட் குமரன்

மாறன் சொன்ன அதே காரணத்தால்தான் இசட்51 என்கிறேன். மின்னணு டிஃபரென்ஷியலையும் குளிரூட்டலையும் பிறகு சேர்க்க முடியுமா?

---

அட்லாண்டா பாண்டி

தேவைப்பட்டால்தானே குமரன் சேர்க்க வேண்டும்? இசட்51 இல்லாத வண்டியிலும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் உண்டு, மெக்கானிக்கல். ரோட்டில் அதன் எல்லையைத் தொடும் வேகத்தில் போனால் லைசென்ஸ் மிஞ்சாது. எக்ஸாஸ்ட் வேண்டுமென்றால் அதைத் தனியாக எடுக்கலாம், சத்தமும் அந்த 5 குதிரைத்திறனும் வந்துவிடும், 490 போய் 495. கோடை டயர் வேறு. குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் கல்லாகிவிடும். அட்லாண்டாவில் ஜனவரி காலைகளில் எனக்கு எல்லாப் பருவ டயர்தான் கைகொடுக்கிறது. டல்லாஸிலும் அப்படி நாட்கள் வருமே.

---

சர்க்யூட் குமரன்

டயரை மாற்றிக்கொள்ளலாம் அண்ணே, அது ஒரு காரணமா? ஆனால் ஒப்புக்கொள்கிறேன், சரவணனின் டிராக் ஆசை எவ்வளவு உறுதி என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். "வருடத்தில் இத்தனை முறை கட்டாயம்" என்று அவர் சொன்னால் இசட்51. "முடிந்தால் போவேன்" என்றால் பிரேக் திரவத்தை அதிக வெப்பம் தாங்கும் வகைக்கு மாற்றி, பேடும் மாற்றினால் புதியவருக்கு ஒரு நாள் டிராக்குக்குப் போதும். இரண்டு சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்று ஆற விட்டு ஓட்ட வேண்டும். வெயில் நேரத்தில் எண்ணெய் வெப்பத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

சீட்டைப் பற்றி மனைவி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். என் மனைவி காம்பெடிஷன் சீட்டில் ஏறி இறங்கும்போது அந்தத் தொடைத் திண்டைத் தாண்டுவதே கஷ்டம் என்கிறார். நான் பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறவன், அதனால் எனக்குச் சரி.

---

நியூஜெர்சி வாணி

ஏறி இறங்குவதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். இவ்வளவு தாழ்வான வண்டியில் டிஸ்க் பிரச்சினை உள்ளவருக்கு வலி வருவது பயணத்தில் மட்டும் அல்ல, இறங்கும்போதும்தான். முதுகை வளைத்து, அதே நேரம் திருப்பி எழும் அந்த அசைவு. திண்டு உயரமாக இருந்தால் அசைவு இன்னும் பெரிதாகும். முறை இதுதான்: முதலில் இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்து, உடம்பு முழுவதும் கதவைப் பார்க்கத் திரும்பிய பிறகு எழ வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு எழக் கூடாது. அவர்களை மூன்று சீட்டிலும் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எது லேசாக வருகிறதோ அதுவே பாதி விடை.

---

மிச்சிகன் மாறன்

இன்னொரு வழி இருக்கிறது. சொந்தக்காரர்களே காரை வாடகைக்கு விடும் டூரோ தளத்தில் தேடுங்கள், டல்லாஸ் பக்கம் இந்தத் தலைமுறை கார்வெட் வாடகைக்குக் கிடைக்கும். ஜி.டி.2 அல்லது காம்பெடிஷன் சீட்டோடு காந்த டேம்பர் இருக்கும் வண்டியாகப் பார்த்து, சொந்தக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஒரு நாள் எடுங்கள். உங்கள் டோல்வேயிலேயே ஓட்டுங்கள். டயர் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதிகமாக இருந்தால் சஸ்பென்ஷன் மேல் வீண் பழி விழும்.

முன்பக்கத்தை உயர்த்தும் வசதி பற்றி யாரும் சொல்லவில்லையே? முன் மூக்கு 40 மி.மீ. எழும்பும், மூன்று விநாடிகூட ஆகாது. ஜி.பி.எஸ்.இல் 1,000 இடம் வரை நினைவில் வைத்துக்கொள்ளும். வீட்டு டிரைவ்வே, அலுவலக பார்க்கிங் சரிவு என்று ஒரு முறை பதிந்துவிட்டால் அடுத்த முறை தானே தூக்கிக்கொள்ளும். சரிவான டிரைவ்வே உள்ளவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம்.

---

டல்லாஸ் சரவணன்

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வாடகைக்குக் கிடைத்தது இசட்51, காந்த டேம்பர், ஜி.டி.2 சீட். காம்பெடிஷன் சீட் உள்ள வண்டி இங்கே கார்வெட் கிளப் நண்பர் ஒருவரிடம் இருந்தது, அவர் வீட்டு வாசலிலேயே வெகுநேரம் உட்காரவிட்டார்.

காம்பெடிஷன் சீட்டில் என் தோளுக்கும் திண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது, என்னைவிடப் பெரிய உடம்புக்கு அளவெடுத்தது போல. தொடைத் திண்டு மட்டும் உயரம். மனைவி ஏறும்போதே முகம் சுளித்தாள். இறங்கும்போது கதவைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. வாணி சொன்ன முறையில் இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைக்கப் பார்த்தால் திண்டில் முட்டியது. அது அங்கேயே முடிந்தது.

ஜி.டி.1 மெத்தென்று இருந்தது என்று ஷோரூமில் இருவருக்கும் பிடித்திருந்தது. ஜி.டி.2வில் முதலில் உட்கார்ந்ததும் அவள் "இது பலகை மாதிரி இருக்கே" என்றாள். வாடகை வண்டியில் ராக்வால் வரை போய், ஏரியைச் சுற்றித் திரும்பி வந்தோம். பாதியில் லம்பாரை ஒரு விரல் கீழே இறக்கினாள், அப்புறம் அதைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து இறங்கும்போது இடுப்பில் கை வைக்கவில்லை. மறுநாள் ஷோரூமுக்குப் போய் ஜி.டி.1இல் வாணி சொன்ன முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாள். எழுந்ததும் அவளே சொல்லிவிட்டாள், கீழே அமுங்கிப் போகிறது, நேற்று உட்கார்ந்த ஜி.டி.2வே வேண்டும் என்று. ஜி.டி.2 முடிவு.

சஸ்பென்ஷன்தான் இழுத்தது. இசட்51 காந்த டேம்பர் டூரில் நன்றாகவே இருக்கிறது. பாலத்து இணைப்புகளில் "டப்" என்ற சத்தம் கேட்கிறது, முதுகில் அடி விழவில்லை. ஸ்போர்ட்டில் போட்டதும் அதே இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் அடுத்தடுத்து அலையாக மேடு வரும் பழைய ரோட்டில் டூரிலும் வண்டி தலையாட்டிக்கொண்டே இருந்தது. மாறன் சொன்ன ஸ்பிரிங் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

---

மிச்சிகன் மாறன்

அதேதான். "டப்" என்ற தட்டு பெரும்பாலும் டேம்பர் சம்பந்தப்பட்டது, அந்தத் தலையாட்டல் ஸ்பிரிங் சம்பந்தப்பட்டது. எஃப்.இ.2வில் ஸ்பிரிங் மென்மையாக இருக்கும், டேம்பர் இதே வகை. நீங்கள் ஓட்டியதில் பிடித்த பகுதி இருக்கும், பிடிக்காத பகுதி குறையும்.

---

சர்க்யூட் குமரன்

நானாக இருந்தால் இன்னும் இசட்51தான் எடுப்பேன். ஆனால் எஃப்.இ.1ஓ எஃப்.இ.3ஓ எடுத்துவிட்டு வருந்துவதைவிட எஃப்.இ.2 நல்லது. டிராக்குக்கு வரும் நாள் சொல்லுங்கள், பிரேக் திரவம் மாற்ற என் கராஜுக்கு வந்துவிடுங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி காட்டுகிறேன்.

---

டல்லாஸ் சரவணன்

கட்டாயம் வருகிறேன் குமரன். முடிவு: 2எல்.டி., ஜி.டி.2, எஃப்.இ.2, பெர்ஃபார்மன்ஸ் எக்ஸாஸ்ட், முன்பக்கம் உயர்த்தும் வசதி. இசட்51 இல்லை. வாரத்துக்கு வாரம் ஓட்டும் ரோட்டுக்கு வாங்குகிறேன். நேற்று டீலரிடம் சொல்லிவிட்டேன், விற்பனையாளர் இன்னொரு முறை மறுவிற்பனை விலையைப் பற்றிப் பேசினார், கேட்டுக்கொண்டேன்.

---

மிச்சிகன் மாறன்

நல்ல வண்டி. இனி ஒரு வேலை பாக்கி. வாயால் சொன்னதை நம்பாதீர்கள், ஆர்டர் அச்சுப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெயர்களைவிடக் குறியீடுகளைப் பாருங்கள். சீட்டுக்கு ஏ.எச்.2 என்று இருக்க வேண்டும், அதுதான் ஜி.டி.2. ஏ.கியூ.9 என்றிருந்தால் ஜி.டி.1, ஏ.இ.4 என்றால் காம்பெடிஷன். எஃப்.இ.2 இருக்கிறதா பாருங்கள், எக்ஸாஸ்டுக்கு என்.பி.பி., முன் உயர்த்திக்கு இ60. ஆர்டர் நிலை 3000 என்று மாறிவிட்டால் பௌலிங் கிரீன் ஆலை எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள், அதன்பின் எதையும் மாற்ற முடியாது. அதற்கு முன்பு எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம்.

---

டல்லாஸ் சரவணன்

மாறன், சொன்னது நல்லதாயிற்று. இப்போதுதான் அச்சுப்பிரதி வந்தது. ஏ.எச்.2, என்.பி.பி., இ60 எல்லாம் சரி. சஸ்பென்ஷனில் எஃப்.இ.1 என்று இருக்கிறது. நிலை இன்னும் 2000தான். நாளைக் காலை கடை திறந்ததும் நேரில் போய், திருத்திய பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வருவேன்.